இடுப்பு மூட்டு மாற்றும் முன்: உள்ளே வைக்கப்போகும் இம்ப்ளான்ட்டைப் பற்றி டாக்டரிடம் எப்படிக் கேட்பது

“ஸ்டெம், சைஸ் 11, ஹை ஆஃப்செட். காலாவதி ஆகல. பிரிக்கலாமா டாக்டர்?”

ஆபரேஷன் தியேட்டரில் பெட்டியை எடுத்து வரும் நர்ஸ் இப்படி உரக்கப் படிப்பார். டாக்டர் திரும்பிப் பார்த்து “பிரிங்க” என்பார். மேலுறை கிழியும், உள்ளுறையோடு நான் வாங்கிக்கொள்வேன். அரை நிமிட வேலைதான். அடுத்த இருபது, இருபத்தைந்து வருடம் ஒருவர் எதை ஊன்றி நடக்கப்போகிறார் என்பது அதோடு முடிவாகிவிடும். அவர் அப்போது மயக்கத்தில் இருப்பார், இல்லாவிட்டால் இடுப்புக்குக் கீழே மரத்துப்போய்த் திரைக்கு அந்தப் பக்கம் படுத்திருப்பார்.

நான் எலும்பு ஆபரேஷன்களில் கருவி எடுத்துக் கொடுக்கும் நர்ஸ். 22 வருடமாக அந்த மேசைக்குப் பக்கத்தில் நிற்கிறேன். புது மூட்டு வைப்பதையும் பார்த்திருக்கிறேன், வைத்த மூட்டைக் கழற்றுவதையும் பார்த்திருக்கிறேன். கழற்றுகிற ஆபரேஷன் முடிந்து கையுறையை உரிக்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றுவது இதுதான்: முதல் தடவையே நாலு கேள்வி கேட்க இவருக்கு யாராவது சொல்லிக் கொடுத்திருக்கலாமே.

எந்த இம்ப்ளான்ட் என்று தீர்மானிப்பது டாக்டரின் வேலை. ஏன் அது என்று கேட்பது உங்கள் வேலை. அதற்கான நேரம் தியேட்டரில் இல்லை. முதல் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் வைத்துப் பார்க்கும் அந்த அறையில் இருக்கிறது.

கேட்பதற்கு முன் பொருளைத் தெரிந்துகொள்ளுங்கள்

“இம்ப்ளான்ட்” என்று ஒரே சொல்லாகச் சொன்னாலும் உள்ளே போவது நாலு பொருள். தொடை எலும்பின் குழாய்க்குள் இறங்கும் தண்டு, அதாவது ஸ்டெம். அதன் கழுத்தில் பொருத்தும் பந்து, ஹெட் என்போம். இடுப்பெலும்பின் குழியில் உட்காரும் கப். கப்புக்குள் பொருந்தும் லைனர். பந்து லைனரில்தான் உருள்கிறது. சில வகைகளில் கப்பும் லைனரும் ஒரே பிளாஸ்டிக் துண்டாக இருக்கும். கப்பைப் பிடித்து நிறுத்த ஸ்க்ரூ போட்டால் அதுவும் ஒரு பொருள்.

அதனால் “எந்தக் கம்பெனி?” என்று மட்டும் கேட்டால் போதாது. ஒரே கம்பெனியில் இருபது வருடம் நின்ற ஸ்டெம்மும் இருக்கும், நாலே வருடத்தில் திரும்பப் பெறப்பட்ட கப்பும் இருக்கும். தண்டு என்ன, பந்து என்ன, கப் என்ன, லைனர் என்ன என்று தனித்தனியாகக் கேட்டு ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

முதல் கேள்வி: இது எத்தனை வருடம் நின்று காட்டியிருக்கிறது?

மற்ற எல்லாக் கேள்விகளையும் மறந்துவிட்டாலும் இதை மறக்காதீர்கள்.

2019-ல் ‘லான்செட்’ இதழில் ஒரு ஆய்வு வந்தது. ஆஸ்திரேலியா, பின்லாந்து பதிவேடுகளைச் சேர்த்துப் பார்த்ததில், மாற்றிய இடுப்பு மூட்டுகளில் 100-க்கு ஏறக்குறைய 58, 25 வருடம் கழித்தும் மாற்றப்படாமல் அப்படியே இருந்தன. அவை பழைய காலப் பொருள்கள். இந்த மாதிரிக் கணக்கைப் போட முடிகிறது என்றால் அதற்குக் காரணம் பதிவேடுகள்தான். ஸ்வீடனில் 1979 முதல், ஆஸ்திரேலியாவில் 1999 முதல், இங்கிலாந்து–வேல்ஸில் 2003 முதல், யாருக்கு எந்த இம்ப்ளான்ட் வைத்தார்கள், அது எப்போது மாற்றப்பட்டது என்று எழுதி வைக்கிறார்கள். ஆண்டறிக்கைகள் இணையத்தில் எல்லோருக்கும் திறந்தே கிடக்கின்றன. ஸ்டெம்மின் பெயரையும் கப்பின் பெயரையும் தெரிந்துகொண்டால், நீங்களோ உங்கள் பிள்ளைகளோ அதில் தேடிப் பார்க்கலாம்.

இன்னொரு குறுக்குவழி, பிரிட்டனில் உள்ள ‘ஓடெப்’ என்ற மதிப்பீட்டுக் குழு. ஒரு ஸ்டெம்முக்கோ கப்புக்கோ “10ஏ ஸ்டார்”, “13ஏ” என்று மதிப்பெண் தருவார்கள். முன்னால் உள்ள எண், எத்தனை வருடத்துக்கான தரவு கையில் இருக்கிறது என்பது. பின்னால் உள்ள எழுத்து, அந்தத் தரவு எவ்வளவு உறுதியானது என்பது. பிரிட்டனின் சுகாதார வழிகாட்டல் நிறுவனமான ‘நைஸ்’ 2014-ல் வைத்த அளவுகோல், 10 வருடத்தில் 100-க்கு 5 பேருக்கு மேல் மாற்ற வேண்டி வரக்கூடாது என்பது. அந்த ஐந்தை மனதில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.

“பழசு வேண்டாம் சிஸ்டர், லேட்டஸ்ட்டா வந்ததையே வைக்கச் சொல்லுங்க” என்று என்னிடம் எத்தனையோ பேர் சொல்லியிருக்கிறார்கள். அன்பால் சொல்வது அது. அம்மாவுக்கு நல்லது கிடைக்க வேண்டும் என்ற தவிப்பு. அவர்களிடம் நான் எப்போதும் எக்ஸிடர் ஸ்டெம்மின் கதையைச் சொல்வேன்.

இங்கிலாந்தின் எக்ஸிடர் நகரில் ராபின் லிங் என்ற அறுவை மருத்துவரும் கிளைவ் லீ என்ற பொறியாளரும் சேர்ந்து ஒரு ஸ்டெம்மை வடிவமைத்தார்கள். 1970-ல் பயன்பாட்டுக்கு வந்தது. எலும்பு சிமென்ட்டில், அதாவது ஸ்டெம்மைச் சுற்றி நிரப்பி இறுக வைக்கும் பசை போன்ற பொருளில் பதிக்கும் வகை. கீழே போகப் போக ஒடுங்கும், மேற்பரப்பு கண்ணாடி போலப் பளபளக்கும். நன்றாக நின்றது. 1976-ல் அந்தப் பளபளப்பை எடுத்துவிட்டு மேற்பரப்பைச் சற்றுச் சொரசொரப்பாக்கினார்கள். சிமென்ட் இன்னும் நன்றாகப் பிடிக்கும் என்றுதான் யாருக்கும் தோன்றும். நடந்தது தலைகீழ். வருடங்கள் போகப் போக ஸ்டெம்கள் தளர ஆரம்பித்தன. 1986-ல் மறுபடியும் பளபளப்புக்கே திரும்பினார்கள். இன்றும் அந்த வகை உலகம் முழுக்கப் பயன்பாட்டில் இருக்கிறது.

ஏன் அப்படி? ஒரு ஆப்பை நினைத்துப் பாருங்கள். வழவழப்பான ஆப்பின் மேல் பாரம் ஏறினால் அது இம்மியளவு கீழே இறங்கி முன்னைவிட இறுகும். பளபளப்பான ஸ்டெம் சிமென்ட்டுக்குள் செய்வதும் அதுதான். சொரசொரப்பான ஆப்பு இறங்காமல் பற்றிக்கொண்டு நிற்கும். பிடி ஒருமுறை விட்டுவிட்டால் ஒவ்வொரு அடிக்கும் அரம் போலச் சிமென்ட்டை ராவும். ராவிய தூள் எலும்பை அரிக்கும். மாற்றியது மேற்பரப்பை மட்டும்தான். அதன் விளைவு தெரிய வருடக்கணக்கானது.

இதைவிடக் கசப்பான கதையும் உண்டு. உலோகப் பந்து, உலோகக் கப் என்று ஒரு வகை பரவலாக வந்தது. தேயாது, உடையாது, பந்து பெரிதாக இருப்பதால் நழுவாது என்றார்கள். கேட்கிற யாரும் தலையாட்டுவார்கள். டிப்யூ கம்பெனியின் ஏஎஸ்ஆர் அந்த வகைதான். 2010 ஆகஸ்டில் உலகம் முழுக்கத் திரும்பப் பெறப்பட்டது. அதற்குள் ஏறக்குறைய 93,000 பேருக்கு வைத்தாகிவிட்டது. அதன் கப் அரைக்கோளத்தைவிட ஆழம் குறைந்தது. கொஞ்சம் செங்குத்தாக உட்கார்ந்துவிட்டால் போதும், உடல் பாரம் முழுக்க விளிம்பில் விழும். விளிம்பு உராய்ந்து கோபால்ட், குரோமியத் துகள்கள் சுற்றியுள்ள சதையைக் கெடுத்தன. பிரச்சினை முதலில் தெரிந்தது பதிவேடுகளில்தான்.

உங்களுக்கோ வீட்டில் யாருக்கோ உலோகத்தோடு உலோகம் உருளும் மூட்டு ஏற்கெனவே இருந்தால், வலி இல்லையென்றாலும் டாக்டரைப் பாருங்கள். ரத்தத்தில் கோபால்ட், குரோமியம் அளவைப் பார்ப்பார்கள். பிரிட்டிஷ் கட்டுப்பாட்டு அமைப்பு வைத்த எச்சரிக்கைக் கோடு நூறு கோடியில் 7 பங்கு. அதைத் தாண்டினால் ஸ்கேன் எடுத்துச் சதையையும் பார்க்க வேண்டும்.

உராயும் பரப்பு: பந்தும் லைனரும்

கழற்றி எடுத்த ஒரு பிளாஸ்டிக் லைனரை நான் உள்ளங்கையில் வைத்துப் பார்த்திருக்கிறேன். பழைய தந்தம் போல மஞ்சளாகியிருந்தது. கட்டைவிரலை உள்ளே விட்டுச் சுற்றினால் ஒரு பக்கம் கனமாக, வைத்தபோது இருந்தபடியே இருந்தது. எதிர்ப்பக்கம் நகத்தின் கனம்தான் இருந்தது. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தபோது அந்த இடத்தில் என் விரலின் நிழல் தெரிந்தது. காணாமல்போன பிளாஸ்டிக் அத்தனையும் கண்ணுக்குத் தெரியாத தூளாக அவர் உடம்புக்குள் போயிருந்தது. உடம்பின் காவல் செல்கள் அந்தத் தூளை விழுங்கப் பார்க்கும், செரிக்க முடியாது. அந்தப் போராட்டத்தில் சுற்றியுள்ள எலும்பு கரைய ஆரம்பிக்கும். கப்பும் ஸ்டெம்மும் தளர்வது பெரும்பாலும் இப்படித்தான் நடந்து வந்தது.

இதை முதலில் நேருக்கு நேர் சந்தித்தவர் ஜான் சார்ன்லி. இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனையில் இன்றைய இடுப்பு மூட்டு மாற்றுக்கு அடித்தளம் போட்டவர். முதலில் டெஃப்லானில் கப் செய்து வைத்தார். வழுக்கும் பொருள் என்றால் டெஃப்லான்தானே. சில வருடங்களிலேயே அது தேய்ந்து, தூள் சதையைக் கெடுத்தது. நோயாளிகளுக்கு மறுபடி ஆபரேஷன் செய்யும் நிலை. டெஃப்லான் துகளையும் பாலிஎத்திலீன் துகளையும் தன் தொடையிலேயே செலுத்திக்கொண்டு எது எப்படி உறுத்துகிறது என்று பார்த்த மனிதர் அவர். 1962 நவம்பரில் பாலிஎத்திலீன் கப்புக்கு மாறினார். அது நின்றது.

அந்தப் பழைய பாலிஎத்திலீன் வருடத்துக்குச் சுமார் 0.1 மி.மீ. தேயும். 1990-களின் கடைசியில் கதிர்வீச்சால் மூலக்கூறுகளை ஒன்றோடொன்று பிணைத்த வகை வந்தது. பெயர் ‘ஹைலி கிராஸ்லிங்க்டு பாலிஎத்திலீன்’. தேய்மானம் வெகுவாகக் குறைந்துவிட்டது. நான் தியேட்டருக்கு வந்த காலத்தில் கழற்றிய லைனர்களையும் இப்போது கழற்றுபவற்றையும் பக்கத்தில் வைத்தால் வேறுபாடு கண்ணுக்கே தெரியும். சிலவற்றில் வைட்டமின் ஈ சேர்க்கிறார்கள். நாள்பட பிளாஸ்டிக் ஆக்சிஜனால் கெடாமல் இருப்பதற்காக. கேட்க வேண்டியது இவ்வளவுதான்: “லைனர் கிராஸ்லிங்க்டா டாக்டர்?”

பந்து உலோகமாக இருக்கலாம், செராமிக்காக இருக்கலாம். இளஞ்சிவப்பு நிறத்தில் ஒரு செராமிக் பந்து வரும். அலுமினாவோடு சிர்கோனியா கலந்தது, அந்த நிறம் குரோமியத்தால் வருவது. பழைய செராமிக்குகளைவிட உடைவது மிக அரிது. பந்தும் லைனரும் இரண்டுமே செராமிக் என்றால் தேய்மானம் இல்லையென்றே சொல்லலாம். ஆனால் சிலருக்கு நடக்கும்போது கீச்சொலி வரும், உடைந்துவிட்டால் சில்லுகளை முழுக்கச் சுத்தம் செய்வது பெரும்பாடு. செராமிக் பந்து, கிராஸ்லிங்க்டு லைனர் என்ற ஜோடியைத்தான் என் வீட்டில் ஒருவருக்கு வைப்பதாக இருந்தாலும் நான் விரும்புவேன்.

பந்தின் அளவையும் கேளுங்கள். சார்ன்லியின் பந்து 22 மி.மீ. இப்போது பெரும்பாலும் 32 அல்லது 36. பந்து பெரிதானால் கப்பிலிருந்து நழுவி வெளியே வர அதிக தூரம் ஏற வேண்டும், அதனால் மூட்டு விலகுவது குறையும். ஆனால் கப்பின் அளவு உங்கள் எலும்பு தருவது. பந்து பெருத்தால் லைனர் மெலியும். உலோகப் பந்து மிகப் பெரிதானால் கழுத்தில் பொருந்தும் இடத்தில் அரிப்பும் வரலாம். பெரியதே நல்லது என்று கணக்கு போட வேண்டாம்.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். முதுகெலும்பில் ஸ்க்ரூ போட்டு இணைத்த ஆபரேஷன் நடந்திருக்கிறதா? நாம் உட்காரும்போது இடுப்பெலும்பு பின்னால் சாய்ந்து கப்பின் வாயைத் திறந்து கொடுக்கும். முதுகு இறுகிப்போனவருக்கு அது சாயாது. ஸ்டெம்மின் கழுத்து கப்பின் விளிம்பில் முட்டி, பந்து பின்பக்கமாக வெளியே தள்ளப்படும். அப்படிப்பட்டவர்களுக்கு ‘டூயல் மொபிலிட்டி’ என்ற வகையை டாக்டர் யோசிப்பார். சின்னப் பந்து ஒரு பெரிய பிளாஸ்டிக் பந்துக்குள்ளும், அந்தப் பெரிய பந்து கப்புக்குள்ளும் உருளும். பிரான்ஸில் ஜில் பூஸ்கே என்ற மருத்துவர் 1970-களில் கொண்டுவந்த யோசனை. “முதுகு ஆபரேஷனுக்கும் இடுப்புக்கும் என்ன சம்பந்தம்” என்று சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். சம்பந்தம் நிறைய இருக்கிறது.

சிமென்ட்டா, சிமென்ட் இல்லாமலா?

சிமென்ட் இல்லாத ஸ்டெம்மை இறக்குவதற்கு முன், அதே வடிவில் பல் வைத்த அரத்தைச் சுத்தியால் தட்டித் தட்டி இறக்குவார்கள். முதலில் சத்தம் மந்தமாக இருக்கும். சைஸ் ஏற ஏறச் சத்தம் கூர்மையாகும். அரம் இறுகப் பொருந்தியதும் ‘டிங்’ என்று கணீரென ஒலிக்கும், அதற்கு மேல் இறங்காது. தியேட்டரில் அந்த நேரம் யாரும் பேசமாட்டோம். டாக்டர் கையால் மட்டும் இல்லை, காதாலும் அளக்கிறார். அந்த ஒலி வந்த பிறகும் ஒரு தட்டுக் கூடிப்போனால், மெலிந்த எலும்பு விரிசல் விடும்.

சிமென்ட் இல்லாத ஸ்டெம்மின் மேல் நுண்துளைப் பூச்சு இருக்கும். எலும்பு அதற்குள் வளர்ந்து பிடித்துக்கொள்ளும். அதற்கு ஒரு நிபந்தனை, ஸ்டெம் அசையக் கூடாது. 150 மைக்ரான், அதாவது மி.மீ.-யில் ஏழில் ஒரு பங்கு அசைந்தாலே எலும்புக்குப் பதில் நார்த்திசுதான் வளரும். அதனால்தான் அவ்வளவு இறுக்கம். திடமான எலும்புக்கு அது சரி. எலும்பு மெலிந்து, தொடை எலும்பின் குழாய் அடுப்புக் குழல் போல மேலிருந்து கீழ்வரை ஒரே அகலமாகிவிட்டவருக்கு, இறுக்கத்தில் எலும்பு உடையும் ஆபத்து அதிகம். அவர்களுக்குச் சிமென்ட் நல்லது. 2022-ல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் வந்த பிரிட்டிஷ் ஆய்வில், இடுப்பு உடைந்து வந்த 60 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குப் பாதி மூட்டு, அதாவது கப் இல்லாமல் ஸ்டெம்மும் பந்தும் மட்டும் வைத்துப் பார்த்தார்கள். ஸ்டெம்மைச் சுற்றி எலும்பு உடைந்தது, சிமென்ட் வைத்தவர்களில் 100-க்கு 0.5 பேருக்கு, வைக்காதவர்களில் 2.1 பேருக்கு.

“சிமென்ட்டுன்னா பழைய முறை இல்லையா?” என்று தயங்குகிறவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். எழுபதைத் தாண்டியவருக்கு டாக்டர் சிமென்ட் என்று சொன்னால் குறைவாக நினைக்காதீர்கள். சிமென்ட் வேண்டாம் என்றால், கழுத்தருகே எலும்பில் உட்காரும் ‘காலர்’ உள்ள ஸ்டெம்மா என்று கேளுங்கள். தொடக்க மாதங்களின் எலும்பு முறிவைக் காலர் குறைப்பதாகப் பதிவேடுகள் காட்டுகின்றன. சிமென்ட்டை அழுத்தும் சில நிமிடங்களில் ரத்த அழுத்தம் இறங்கக்கூடும். இதயம், நுரையீரல் தொல்லை இருந்தால் மயக்க மருந்து டாக்டரிடம் ஒன்றுவிடாமல் சொல்லுங்கள்.

கால் நீளமும் நடையும் ஸ்டெம்மின் ஆஃப்செட்டைப் பொறுத்தவை. தண்டிலிருந்து பந்து எவ்வளவு பக்கவாட்டில் தள்ளி நிற்கிறது என்பது ஆஃப்செட். அது குறைந்துபோனால் இடுப்புத் தசை தொய்ந்து, சாய்ந்து சாய்ந்து நடக்க வேண்டிவரும். எக்ஸ்ரேயில் முன்கூட்டியே அளந்து பார்த்தார்களா என்று கேட்டுவிடுங்கள்.

டாக்டர் மனம் நோகாமல் கேட்பது எப்படி

நான் சொல்லிக் கொடுக்கும் வாசகம் இது: “டாக்டர், நீங்க வழக்கமா வைக்கிறது எது? எனக்கும் அதையேதான் வைக்கப்போறீங்களா, இல்ல என் எலும்புக்குன்னு வேற ஏதாவது யோசிக்கிறீங்களா?” எந்த நல்ல டாக்டரும் இதற்கு முகம் சுளித்து நான் பார்த்ததில்லை. படம் வரைந்தே காட்டுவார்கள்.

கை பழகிய இம்ப்ளான்ட்டுக்கு மதிப்பு மிக அதிகம். கனடாவின் ஒன்டாரியோவில் 2014-ல் வெளியான ஆய்வு, வருடத்துக்கு 35 அல்லது அதற்கும் குறைவாக இந்த ஆபரேஷன் செய்யும் டாக்டர்களிடம் மூட்டு விலகுவதும் மறு ஆபரேஷனும் கூடுதல் என்று காட்டியது. எவ்வளவு நல்ல ஸ்டெம்மாக இருந்தாலும் அதற்கான அரம், அளவுகோல், பந்தின் நீளம் எல்லாம் கைக்குப் பழக வேண்டும். ஒரு டாக்டர் முதல் முறையாக ஒரு கருவிப் பெட்டியைத் திறக்கிற நாளை நான் தொலைவிலிருந்தே கண்டுபிடித்துவிடுவேன். அன்று எல்லாமே அரை மணி நேரம் கூடுதலாகும். நீங்களாக இணையத்தில் படித்துவிட்டு, டாக்டர் பழகாத ஒன்றை வற்புறுத்தி வைக்கச் சொல்லாதீர்கள்.

“இது போன மாசம்தான் வந்திருக்கு, ரொம்ப நல்லா இருக்கும்” என்ற பதில் மட்டும் வந்தால், இன்னொரு டாக்டரிடம் ஒரு கருத்துக் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

ஸ்டிக்கர்

சில வருடங்களுக்கு முன் ஒரு அம்மா வந்தார். வேறொரு இடத்தில் பதினாறு வருடம் முன்பு வைத்த மூட்டு. லைனர் தேய்ந்திருந்தது, ஸ்டெம்மும் கப்பும் உறுதியாக நின்றன. லைனரையும் பந்தையும் மட்டும் மாற்றினால் போதும். ஆனால் உள்ளே இருப்பது எந்தக் கம்பெனி, எந்த மாடல் என்று தெரியவில்லை. டிஸ்சார்ஜ் தாளில் “வலது இடுப்பு மூட்டு மாற்றப்பட்டது” என்ற ஒரு வரி மட்டும் இருந்தது. வைத்த இடத்தில் கேட்டதற்கு, அவ்வளவு பழைய ஃபைல் இல்லை என்றார்கள்.

ஒவ்வொரு கப்பிலும் லைனர் பூட்டிக்கொள்ளும் பள்ளம் வேறு வேறு. ஒன்றின் லைனர் இன்னொன்றில் நிற்காது. பழைய கப்புக்குள் புது லைனரைச் சிமென்ட் வைத்து ஒட்டும் வழியும் உண்டு. அந்த அம்மாவின் கப் சின்னதாகவும் செங்குத்தாகவும் இருந்ததால் அதற்கும் இடமில்லை. எலும்போடு எலும்பாகிவிட்ட கப்பை வளைந்த உளிகளால் சுற்றிச் சுற்றிப் பெயர்த்தெடுத்தோம். கூடவே எலும்பும் வந்தது. ஒன்றரை மணி நேர ஆபரேஷன் நாலரை மணி நேரமானது. மூன்று பாட்டில் ரத்தம் ஏற்றினோம்.

பெட்டியில் உள்ள ஒவ்வொரு பொருளுக்கும் ஒட்டக்கூடிய ஸ்டிக்கர் இருக்கும். நாங்கள் அதை உரித்துக் கேஸ் ஷீட்டில் ஒட்டுவோம். பெயர், சைஸ், ‘ரெஃப்’ எண், ‘லாட்’ எண் எல்லாம் அதில் இருக்கும். வீட்டுக்குப் போவதற்கு முன், அந்தப் பக்கத்தின் நகலைக் கேட்டு வாங்குங்கள். இம்ப்ளான்ட் கார்டு கொடுத்தால் அதையும் வாங்குங்கள். எந்தப் பக்கத்து இடுப்பு, எந்தத் தேதி என்று மேலே எழுதுங்கள். போட்டோ எடுத்து இரண்டு பேருடைய போனில் வைத்துக்கொள்ளுங்கள். ஆபரேஷன் முடிந்தவுடன் எடுத்த முதல் எக்ஸ்ரேயின் பிரதியும் வேண்டும்; பின்னால் எடுப்பதை அதோடு ஒப்பிட்டுத்தான் அசைவு தெரியும். அடுத்த எக்ஸ்ரே எப்போது என்று டாக்டரிடம் கேட்டுத் தேதி குறித்துக்கொள்ளுங்கள். லைனர் தேய்வது வலிக்காது, வலிக்கும்போது எலும்பு போயிருக்கும். நாற்காலியிலிருந்து எழுந்து முதல் சில அடிகள் வைக்கும்போது மட்டும் வரும் வலி, தளர்ச்சியின் அறிகுறியாக இருக்கலாம். தொடைச் சந்தில் வலித்தால் கப், தொடையின் நடுவில் வலித்தால் ஸ்டெம் என்று நாங்கள் முதலில் சந்தேகப்படுவோம்.

அந்த அம்மாவை வீட்டுக்கு அனுப்பும் நாளில் அவருடைய மகன் கேஸ் ஷீட்டைக் கேட்டு வாங்கி, ஸ்டிக்கர் ஒட்டிய பக்கத்தை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் போட்டோ எடுத்தார். மாடிப்படி வரை போனவர் திரும்பி வந்தார். “சிஸ்டர், ரெண்டு ஸ்க்ரூவோட ஸ்டிக்கர் பின்பக்கம் இருக்குன்னு நினைக்கிறேன், அதை எடுக்கல.” பக்கத்தைத் திருப்பிக் காட்டினேன். இருந்தது.